மூணாறிலும் உறையாத எண்ணெய்

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் உதடு வெடிக்கும், கைகால் வெளுத்துச் சொரசொரக்கும். அதே நாட்களில் மூணாறின் விடியற்குளிர் சில சமயம் பூஜ்ஜியம் டிகிரிவரை இறங்கும். குப்பியில் தேங்காயெண்ணெய் கல்லாக உறைந்து கிடக்கும். 24, 25 டிகிரி வந்தால்தான் அது உருகும். பங்குனி வெயிலில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும்போதோ, அதே எண்ணெய் தண்ணீராய் ஓடும்.

மலைக்கும் சமவெளிக்கும் ஒரே பூச்சைச் செய்து தருபவருக்கு இதுதான் முதல் தலைவலி. தேங்காயெண்ணெயைக் கூட்டினால் மூணாறில் விரலுக்கு வராது, பாலக்காட்டில் இளகிவிடும். தேன்மெழுகைக் கூட்டினால் வெயிலுக்குத் தாங்கும். ஆனால் முகத்தில் பிசுக்காக ஒட்டும்.

ஆலிவிலிருந்து வரும் ஸ்குவாலேன் என்ற எண்ணெய் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. நிறமில்லை, மணமில்லை, மூணாறுக் குளிரிலும் உறைவதில்லை. தேன்மெழுகோடு இதைச் சேர்த்தால் மெழுகு கெட்டித்தன்மையைத் தரும், இது வழுக்கலைத் தரும். கிரீம் என்றால் வேலை இன்னும் சுலபம். எண்ணெயையும் நீரையும் தனித்தனியே 70 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கலக்கியபின், ஆறும்போது இதை ஊற்றிக் கிளறினாலே போதும். உருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதன் பூர்வீகம் கடல். ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ 1906இல் சுறா ஈரல் எண்ணெயில் ஸ்குவாலீனைக் கண்டறிந்தார். நம் தோலில் சுரக்கும் எண்ணெயிலும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அதுதான். ஆனால் அதன் ஆறு இரட்டைப் பிணைப்புகளால் காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஹைட்ரஜன் ஏற்றி அவற்றை நிரப்பினால், எளிதில் கெடாத ஸ்குவாலேன் கிடைக்கிறது.

ஆலிவ் எண்ணெயில் ஸ்குவாலீன் பொதுவாக ஒரு சதவீதம்கூட இருக்காது. எண்ணெயைச் சுத்திகரித்து வாடை நீக்கும்போது ஆவியாகிச் சேரும் கழிவிலிருந்துதான் அதைப் பிரித்தெடுக்கிறார்கள். சுறாவைக் கைவிடப்போவதாக யூனிலீவரும் லோரியாலும் 2008இல் அறிவித்தன. இப்போது கரும்புச் சர்க்கரையை ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்தும் தயாரிக்கிறார்கள். கரும்பும் வெல்லமுமாக வாழும் மறையூர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமான சேதிதான்.

இதை வைத்துக்கொண்டு பெரிதாக அளக்கவும் கூடாது. ஸ்குவாலேன் தோலுக்கு ஈரம் தராது, இருக்கிற ஈரம் சட்டென்று வற்றாமல் காக்கும், அவ்வளவே. அதனால் குளித்துத் துவட்டியதும், தோலில் ஈரப்பதம் இருக்கும்போதே இரண்டு மூன்று சொட்டுத் தடவுவது நல்லது. கரும்புள்ளியைப் போக்கும், சுருக்கத்தை அழிக்கும் என்றெல்லாம் விற்பவர்கள் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

சுறாவிலிருந்து வந்தாலும், ஆலிவானாலும், கரும்பானாலும் பொருட்பட்டியலில் ஸ்குவாலேன் என்ற ஒரே பெயர்தான் இருக்கும். ஆகவே வாங்கும்போது எதிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். விற்பனைக்காகச் செய்பவருக்கு 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி உரிமம் கட்டாயம். குப்பியில் அந்த உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.