பெரிய சக்கரமும் அம்மாவின் முழங்காலும்

குடும்பப் பகுதியிலே பிள்ளை வளர்ப்பையும் வடகம் போடும் பக்குவத்தையும் படித்துப் பழகிய நேயர்கள், மோட்டார் வண்டியின் ரயரைப் பற்றி ஒருத்தி எழுதப் புகுந்ததைக் கண்டு வியப்படையக்கூடும். வியப்புக்கு இதில் இடமில்லை. சோற்றுப் பானை வாங்கும்போது எத்தனை பேருக்கு உலை வைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தே அளவைத் தீர்மானிக்கிறோம். சக்கரம் வாங்கும்போது மட்டும் அந்தக் கணக்கை ஆண்களிடம் விட்டுவிடுவானேன்?

எங்கள் வண்டி 2009ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சுபாரு பொரஸ்ரர். இயந்திரத்தின் வலு நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் குடும்ப வண்டி. நாங்கள் இருப்பது வவுனியாவில். என் தாயாரோ ஒட்டுசுட்டானுக்கு அப்பால், முத்தையன்கட்டுக் குளத்தின் பக்கமாகத் தமது பசுக்களோடும் புளியமரத்தோடும் தனியே வாழ்கிறார். வயது 74. நகரத்துக்கு வந்து எங்களோடு இருக்கும்படி கேட்டுக் கேட்டு நாங்கள்தாம் களைத்துப் போனோம். மாங்குளம் வரை ஏ9 வீதி, அங்கிருந்து முல்லைத்தீவு வீதி. இவ்வளவும் நல்ல தார் வீதி. கடைசி மூன்று மைல்தான் கிரவல். ஐப்பசி பிறந்து மாரி இறங்கிவிட்டால் உழவு இயந்திரங்கள் அந்த மூன்று மைலையும் இரண்டு வாய்க்கால்களாக உழுது விடும். நடுவிலே எழுந்து நிற்கும் மண்மேடு வண்டியின் வயிற்றில் உரசும்.

இந்த உரசலுக்கு அஞ்சி, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் என் கணவர் நான்கு ஸ்பிரிங்குகளின் தலையிலும் 40 மில்லிமீற்றர் தடிப்பான கட்டைகளை வைத்து வண்டியை உயர்த்தினார். வயிறு தப்பியது. ஆயினும் சேற்றில் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழல்வது நிற்கவில்லை. உயரம் என்பது வேறு, பிடிப்பு என்பது வேறு. தார் வீதிக்கென்று செய்த ரயரின் மெல்லிய வெட்டுகளில் களிமண் அப்பிக்கொண்டால், அது வழுக்கும் வெறும் உருளையாகிவிடுகிறது. மேலும் ரயரின் பக்கச்சுவர் குட்டையானதால், கல்லில் விழுந்த இரண்டு ரிம்களின் விளிம்பு வளைந்து போயிற்று. ஆகவே காட்டுப் பாதைக்குரிய ரயர் வேண்டும் என்பதில் வீட்டில் எவருக்கும் அபிப்பிராய பேதம் இருக்கவில்லை. எவ்வளவு பெரியது என்பதில்தான் சண்டை மூண்டது.

என் கணவரின் தம்பி இந்த விஷயத்தில் பெரும் உற்சாகி. “அண்ணி, 31 அங்குலம் போட்டால் ஆனை மாதிரி நிற்கும்” என்றார். ஆனையைக் கட்டித் தீனி போடுவது யார் என்று நான் கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. நாங்கள் வழக்கமாகச் செல்லும் கராஜில் ஒரு முதிய மெக்கானிக் இருக்கிறார். அவரிடம் வழக்கைக் கொண்டு போனோம். அவர் வண்டியைச் சுற்றி வந்து, முன்சக்கரத்தின் உட்புறம் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, ரயர் பெரிசாக வேணுமெண்டால் ரிம்மைச் சின்னனாக்க வேணும்” என்றார்.

புதிர் போலத் தோன்றிய இவ்வார்த்தையை நான் வீட்டுக்கு வந்து தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டுப் புரிந்துகொண்டேன். எங்கள் பழைய ரயரில் 225/55 ஆர் 17 என்று பொறித்திருந்தது. முதல் எண் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. மூன்றாவது, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக அதன் பக்கச்சுவர் 124 மில்லிமீற்றர், முழுச் சக்கரத்தின் விட்டம் 679 மில்லிமீற்றர். மெக்கானிக் சொன்ன 215/70 ஆர் 16 என்ற அளவிலோ, ரிம் ஓர் அங்குலம் சுருங்க, பக்கச்சுவர் 150 மில்லிமீற்றராக வளர்கிறது. முழு விட்டம் 707 ஆகிறது. கல்லின் அடியைத் தாங்குவது ரிம் அன்று, பக்கச்சுவருக்குள் இருக்கும் காற்றே. அந்தக் காற்றுக்கு இடம் கொடுக்கவே ரிம் சுருங்க வேண்டியிருக்கிறது. இதே மாதிரி வண்டியில் விலை குறைந்த ரகத்துக்குத் தொழிற்சாலையே 16 அங்குல ரிம் பூட்டி அனுப்பியிருப்பதால், பிரேக்கில் முட்டுமோ என்ற பயமும் இல்லை.

விட்டம் 28 மில்லிமீற்றர் கூடினால் வண்டி 28 மில்லிமீற்றர் உயரும் என்று எண்ணுபவர்கள் பலர். உயர்வது அதில் பாதிதான்: 14. ஒரு விரற்கடைகூட இல்லை!

தம்பியின் 31 அங்குலத்துக்கு வருவோம். வண்டியைத்தான் ஏற்கெனவே உயர்த்திவிட்டோமே, இடமிருக்கிறதே என்பது அவர் வாதம். மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையே இடம் இருப்பது உண்மை. ஆனால் முன்சக்கரத்தின் ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் தட்டு ரயரின் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. கட்டையை ஸ்பிரிங்கின் உச்சியில் வைத்ததால், இந்தத் தட்டுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தூரம் ஒரு மயிரளவும் மாறவில்லை. மெக்கானிக் கையை விட்டுத் தடவியது அந்த இடத்தைத்தான். பின்சக்கரத்தில் இன்னொரு சங்கடம். வண்டி உயரும்போது அந்தச் சக்கரம் கீழே இறங்குவதோடு சற்று முன்னோக்கியும் நகர்ந்து, வளைவின் முன்விளிம்பை நெருங்கி நிற்கும். ஸ்ரேறிங்கை முழுவதும் ஒடிக்கும்போதும் குழியில் விழும்போதும் ரயர் எங்கே உரசும் என்பதை, நால்வர் ஏறி அமர்ந்து பார்த்தே அறியவேண்டும். வெறும் வண்டியில் பார்த்துப் பயனில்லை.

இந்த விவாதங்களுக்கிடையே நான் தையல் நாடாவோடு அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் வாதம். கட்டிலின் உயரம், திண்ணைப் படியின் உயரம், கோயில் வாசற்படியின் உயரம் யாவற்றையும் அளந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்றேகால் அடிவரை ஒரு காலை வைத்து ஏற அவரால் முடிகிறது. அதற்கு மேல் இரண்டாமவர் தூக்கிவிட வேண்டும். வண்டியின் வாசல் ஏற்கெனவே 40 மில்லிமீற்றர் உயர்ந்து அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் ரயர் இன்னும் 14 சேர்க்கும். அதைச் சமாளிக்கலாம். தம்பி சொன்ன 31 அங்குலமோ அதற்கு மேலும் 40 சேர்க்கும். அம்மாவை எடுக்கப் போகிற வண்டியில் அம்மா ஏற முடியாதென்றால் அந்த வண்டி எதற்கு? தம்பி அன்றோடு ஆனையைக் கைவிட்டார்.

வாங்கும்போது கவனித்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிம்மின் ஐந்து துளைகளும் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் அமைய வேண்டும். நடுத்துளை அச்சின் தலையில் ஆட்டமின்றிப் பொருந்த வேண்டும். ரயரின் சுமை எண் பழையதைவிடக் குறையலாகாது. பூட்டியபின் வீல் எலைன்மென்ற் பார்த்து, நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். காப்புறுதிக்காரருக்கும் எழுதி அறிவித்தோம். எல்லாவற்றிலும் முக்கியமானது, நான்கல்ல, ஐந்து வாங்குவது. நான்கு சக்கரங்களுக்கும் வலு செல்லும் வண்டியில் ஒன்று மட்டும் சிறிதாக இருந்தால், வலுவைப் பங்கிடும் பற்சக்கரங்கள் ஓயாது தேய்ந்து கெட்டுவிடும். ஐந்தாவது சக்கரம் பழைய குழிக்குள் அடங்க மறுத்ததால் கூரைமேல் ஏறிக்கொண்டது. ரப்பர் கன்றுகள் 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்த கதையை என் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு ரப்பர் வளையம் இவ்வளவு பாரமாக இருக்கும் என்பது அதைக் கூரைக்குத் தூக்கியபோதுதான் தெரிந்தது.

பாரத்துக்கு விலை உண்டு. பெற்றோல் சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது. வேகமானி 60 காட்டும்போது சக்கரம் முன்னையிலும் நூற்றுக்கு நான்கு பங்கு விரைவாக ஓடுகிறது. ஈரத் தாரில் பிரேக் பிடித்தால் நிற்பதற்கு முன்னையிலும் தூரம் தேவைப்படுகிறது. கடைசியாகச் சொன்னது அற்பமானதன்று.

சென்ற மார்கழியில் ஓரிரவு அம்மாவுக்கு இழுப்புக் கண்டுவிட்டதென்று பக்கத்து வீட்டார் தொலைபேசியில் அழைத்தார்கள். கொட்டும் மழை. கிரவல் தொடங்கும் இடத்தில் என் கணவர் இறங்கி, ரயர்களின் காற்றை 32 இறாத்தலிலிருந்து 22க்குக் குறைத்தார். ரயர் படிந்து அகன்று சேற்றைக் கவ்விக்கொள்ள, மூன்று மைலையும் ஓரிடத்திலும் நில்லாமல் கடந்தோம். வாசலில் முக்காலியை வைத்தபோது, அந்த மூச்சுத் திணறலிலும் அம்மா, “நான் என்ன சின்னப்பிள்ளையே, முக்காலி வைச்சு ஏற?” என்றார். கதவின் கைப்பிடியைப் பற்றித் தாமே ஏறினார்.

திரும்பித் தார் வீதியை அடைந்ததும் கணவர் வண்டியை நிறுத்திவிட்டுக் காற்றுப் பம்பை எடுத்தார். நான்கு ரயர்களுக்கும் காற்றேற்ற 15 நிமிடம். பின்னிருக்கையில் அம்மாவின் மூச்சு விசில்போல் இழுத்துக்கொண்டிருந்தது. போவோம், போவோம் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. “இந்தக் காற்றோடு ஈரத் தாரில் நான் ஓடமாட்டேன்” என்று அவர் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். ஒட்டுசுட்டானைத் தாண்டிய சிறிது நேரத்தில், மழைக்கு மேட்டை நாடி வந்த மாட்டுக் கூட்டமொன்று வீதியின் நடுவே படுத்திருந்தது. விளக்கொளியில் கண்டபோது தூரம் அதிகமில்லை. வண்டி கோணாமல் நேரே சென்று, முதல் மாட்டுக்கு ஓர் ஆள் நீளம் முன்னே நின்றது. அந்த 15 நிமிடத்தைப் பற்றி நான் பின்னர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அம்மா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, ஐந்தாம் நாள் தமது பசுக்களைத் தேடிப் போய்விட்டார். இப்போது அந்தக் கரடு ரயரின் இரைச்சல் வளைவிலே கேட்கும்போதே, வருவது நாங்கள்தாம் என்று கண்டுகொண்டு படலையைத் திறந்து வைத்துவிடுகிறார். முக்காலி இன்னும் வண்டிக்குள்தான் கிடக்கிறது. அதில் எங்கள் இளையவள் ஏறிக் கொள்கிறாள்.