புதுச் சரக்கும் கூலித் தறியும்

ஒரு நிறுவனம் பொருளை வடிவமைக்கிறது. இன்னொரு நிறுவனம் அதைச் செய்து கொடுக்கிறது. இதற்கு ஒப்பந்த உற்பத்தி என்று பெயர். ஐபோன் என்றதும் ஆப்பிள்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அதைப் பூட்டி முடிப்பது பாக்ஸ்கான். இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில், விசைத்தறிச் சத்தம் கேட்கிற தெருக்களில் பல காலமாக நடந்து வருவதும் இதுதான். அங்கே இதைக் 'கூலிக்கு நெய்வது' என்பார்கள்.

முறை எளிமையானது. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறி வைத்திருப்பவர் அதைச் சேலையாக நெய்து திருப்பிக் கொடுப்பார். நூலும் டிசைனும் ஒருவருடையது. தறியும் உழைப்பும் மற்றவருடையது. கூலி, நெய்த அளவுக்கு ஏற்ப.

பழகிய ரகம் ஓடும்வரை இதில் பெரிய சிக்கல் இல்லை. புது ரகம் வரும்போதுதான் சோதனை!

புது ரகத்தில் என்ன மாறுகிறது?

60-ம் நம்பர் நூலில் ஓடிய தறிக்கு 80-ம் நம்பர் வந்தால் நூல் மெலிது. இழுவையைச் சரியாக வைக்காவிட்டால் அடிக்கடி அறும். கஞ்சி குறைந்தால் பிசிறு எழும், கூடினால் நூல் விறைத்து ஒடியும். புதுச் சாயம் என்றால், ஒரு முறை தோய்த்த நூலுக்கும் அடுத்த முறை தோய்த்ததற்கும் நிறம் கொஞ்சம் மாறலாம். கையில் நூலாகப் பார்க்கும்போது தெரியாத வித்தியாசம், சேலையாக விரித்தால் பட்டையாகத் தெரியும்.

பாவு இழை ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். கவனிக்காமல் ஓடினால் சேலை நெடுக ஒரு கோடு விழும். நெசவாளி ஒருவர் ஒரே நேரத்தில் பல தறிகளைப் பார்க்கிறார். ஒன்றில் முடிச்சுப் போடும்போது மற்றதில் இழை அறுந்திருக்கும். நிறுத்தினால் கூலி குறையும், நிறுத்தாவிட்டால் தரம் குறையும். பழைய ரகத்துக்குப் பேசிய அதே கூலியைப் புது ரகத்துக்கும் முதல் நாளிலிருந்தே கொடுத்தால், நெசவாளி எதைத் தேர்ந்தெடுப்பார்? வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே!

கடைசியில் சோதித்தால் போதாதா?

போதாது. நெய்து முடித்த சேலையைப் பிரித்து மறுபடி நெய்ய முடியாது. இரண்டாம் தரம் என்று குறைந்த விலைக்குத்தான் தள்ள வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் கூலியில் பிடித்தம் செய்தால் இன்னொரு விளைவும் உண்டு. குறை குறையாது, மடிப்புக்குள் மறையும். அது கடைக்குப் போய், வாங்கியவர் வீட்டில்தான் வெளியே வரும்.

தரத்தைச் செய்முறையிலேயே கொண்டுவர வேண்டும், கடைசிச் சோதனையை நம்பி இருக்கக் கூடாது என்று அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் டெமிங் வலியுறுத்தினார். அவர் பெயரில் ஜப்பான் வழங்கும் விருதை 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு பெற்றது. அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான்.

உலக அளவில் ஒரு பாடம்

சாம்சங் நிறுவனம் 2016 ஆகஸ்டில் கேலக்ஸி நோட் 7 போனை வெளியிட்டது. பேட்டரிகள் இரண்டு நிறுவனங்களிடமிருந்து வந்தன. சில போன்கள் தீப்பிடித்தன. செப்டம்பரில் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற அறிவித்து, மற்ற நிறுவனத்தின் பேட்டரி போட்டு மாற்றிக் கொடுத்தார்கள். அவற்றிலும் தீ! அக்டோபரில் உற்பத்தியே நின்றது. 2017 ஜனவரியில் காரணம் வெளியானது. முதல் பேட்டரியின் மூலையில் வடிவமைப்புக் குறை. இரண்டாவதில் வெல்டிங் செய்த இடத்தில் பிசிறு. ஆளை மாற்றினால் தரம் வந்துவிடும் என்பது எவ்வளவு தவறான கணக்கு!

என்ன செய்யலாம்?

1. மாதிரிச் சேலை ஒன்றை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் அங்குலத்தில் எத்தனை இழை, என்ன நிறம், எவ்வளவு எடை என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். 'நல்லா இருக்கணும்' என்பது அளவு ஆகாது.

2. நூலையும் சாயத்தையும் தறிக்கு ஏறும் முன்பே சோதிக்க வேண்டும். கொடுத்த நூலில் குறை இருந்தால் அந்தப் பழி தறிக்காரர் தலையில் விழக் கூடாது.

3. முதல் பாவுக்கு மட்டும் நாள் கூலி கொடுக்க வேண்டும். ஒரு பாவில் பல சேலைகள் வரும். அது முடிவதற்குள் எங்கே இழை அறுகிறது, ஏன் அறுகிறது என்பது புரிந்துவிடும். அதன் பிறகு அளவுக் கூலி பேசலாம்.

4. குறையைத் தானே சொல்கிறவருக்குப் பிடித்தம் இருக்கக் கூடாது. சொன்னால்தானே அடுத்த சேலையைக் காப்பாற்றலாம்!

5. தீபாவளிக்குச் சரக்கு வேண்டுமென்றால் தீபாவளியை ஒட்டிப் புது ரகம் கொடுக்கக் கூடாது. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது சோதனைதான்.

இவற்றில் மூன்றாவதற்குத்தான் பலரும் தயங்குவார்கள், ஏனென்றால் அதற்குக் கையிலிருந்து பணம் போக வேண்டும். ஆனால் புதுப் பொருளைக் கற்றுக்கொள்ளும் செலவை யாராவது ஒருவர் ஏற்றே ஆக வேண்டும். டிசைன் போட்டவர் ஏற்றால் அது முதலீடு. கூலிக்கு நெய்பவர் தலையில் வைத்தால் அது கடைசியில் கோடாகவும் பட்டையாகவும் சேலையிலேயே வந்து நிற்கும்.

தரம் வேண்டும் என்பவர், தறியை நிறுத்துகிற நேரத்துக்கும் கூலி கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.