இடைஞ்சல்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் மூன்று நாட்களாகத் துரத்தினான். கவிதை வராது என்றேன். அப்படியென்றால் உன் போனில் உள்ள படங்களைப் பற்றி எழுது என்றான். என் போனில் பழைய வீடுகளும் தெருக்களுமாக நானூறு படங்களுக்கு மேல் இருப்பது சிவில் மூன்றாம் ஆண்டு முழுக்கத் தெரியும். "இவன் பொண்ணு பார்க்கப் போனாலும் வீட்டு நிலைக்கதவைத்தான் பார்ப்பான்" என்று வகுப்பில் ஒரு பேச்சே உண்டு. இருக்கட்டும்!

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகள் வரும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் செய்து நகரத்தார் சம்பாதித்த பணம் பர்மாத் தேக்காகவும், இத்தாலி பளிங்காகவும், பெல்ஜியம் கண்ணாடியாகவும் இங்கே வந்து இறங்கியது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நாட்டு அரசு நிலங்களை எடுத்துக்கொண்டது. வருமானம் நின்றது, வீடு மட்டும் நின்றது. இன்று ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு ஒன்று உடைந்தால் மாற்ற ஆள் இல்லை. ஓட்டில் இறங்கும் தண்ணீர் முதலில் மரத்தைத் தின்னும், பிறகு சுவரைத் தின்னும். 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் இருந்தால் மழை ஒழுகாது என்று யாரும் சொல்லவில்லை.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது இல்லை, பாதிக்கு மேல் அப்பா சொன்னது. அப்பா கொத்தனார். ஐந்தாவதோடு நின்றவர். அம்மாவும் சித்தாள் வேலைக்குப் போனவர்தான். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன். முன்பெல்லாம் அப்பாவுக்குக் கட்டுகிற வேலை மட்டும்தான். இப்போது சில வருடங்களாகப் பிரிக்கிற வேலையும் வருகிறது. பழைய வீட்டை மொத்தமாக விலை பேசி வாங்குவார்கள். தூண், நிலை, உத்தரம், கண்ணாடி எல்லாம் கழன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகும். மிச்சம் உள்ள செங்கல் லாரியில் போகும்.

மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு ஒரு பழைய வீட்டை அளந்து வரைபடம் போடலாம் என்று எங்கள் குழு முடிவு செய்தபோது, அப்பா பிரிக்கப் போகிற ஒரு வீடே கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் வேண்டாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட வீடு. "அட்வான்ஸ் வாங்கியாச்சு தம்பி. நாலு நாளைக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது" என்றார் அப்பா. நாலு நாள் கொடுத்ததே பெரிது. ஆட்களுக்கு அந்த நாலு நாளும் ஓட்டை மட்டும் இறக்குகிற வேலை கொடுத்துச் சமாளித்தார்.

டேப்பால் அளப்பது தெரிந்த வேலை. படம் எடுப்பதில்தான் திண்டாடினேன். கீழே நின்று போனை மேலே தூக்கினால் வீடு பின்பக்கமாகச் சாய்கிறது. சுவர் கோணல் இல்லை, நம் கைதான் கோணல். போனை நேராக நிமிர்த்திப் பிடித்து, எதிர்த் தெருச் சுவரில் முதுகு ஒட்டுகிற வரை பின்னால் போக வேண்டும். தெருவோ குறுகல், வீடோ நீளம். பனோரமா போட்டுப் பார்த்தேன், நேரான சுவர் வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தது! கடைசியில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினேன். முகப்பின் மேலே உள்ள சுதைப் பொம்மைகளை மத்தியானம் எடுத்தால் எல்லாம் தட்டையாக, மாவு பூசியதுபோல இருக்கும். காலை ஏழு மணிக்குச் சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் மூக்கும் விரலும் தனித்தனியாகத் தெரியும். வளவுக்குள் நேர்மாறு. அங்கே உச்சி வெயில் இறங்கினால்தான் தூண்களுக்குப் பின்னால் உள்ள இருட்டுக்குக் கொஞ்சம் வெளிச்சம் போகும். அளவு தெரிவதற்காக சர்வே லேபிலிருந்து ரேஞ்சிங் ராடு ஒன்றை வாங்கிப் போய்ச் சுவரோரம் சாத்தி வைத்தேன். சிவப்பும் வெள்ளையுமாக அது நின்றது, திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரன் மாதிரி.

முதல் இரண்டு நாளில் நூற்றைம்பது படம். வகுப்பில் காட்டினேன். "காலண்டர் மாதிரி இருக்குடா!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். கையைத் துண்டில் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பூச்சு பற்றி நிறையச் சொன்னார். சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுவர் அது. ஒரு இடத்தில் அதன்மேல் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். "பாரு, அங்கதான் உப்பிப்போய் உதிருது. சுண்ணாம்பு மூச்சு விடும்டா. சிமெண்ட் அதை அமுக்கிப் போடும். ஈரம் எங்க போகும்?" ஒரு செமஸ்டரில் நாங்கள் படித்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பிறகு ஒரு படத்தில் நின்றார். "இங்க உங்க சித்தப்பன் ஓடு இறக்கிக்கிட்டு நின்னானே. எங்க?"

"இடைஞ்சலா இருந்துச்சுப்பா. வெட்டிட்டேன்."

"ஓ" என்றார். இன்னும் நாலைந்து படங்கள் தள்ளினார். "ஆளே இல்லாத வீடா இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சோற்றில் மோர் ஊற்றச் சொன்னார். அவ்வளவுதான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

படுத்துக்கொண்டே எல்லாப் படங்களையும் திரும்பப் பார்த்தேன். சித்தப்பாவை மட்டுமா வெட்டியிருந்தேன்? திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்த ஆட்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறேன். அம்மா வயதுள்ள ஒரு சித்தாளிடம் "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று சொல்லியிருக்கிறேன். அவரும் சாந்துச் சட்டியோடு தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றார். அதை எப்படிச் செய்தேன் என்று இன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டில் அப்பா படம் என்று இருப்பது கல்யாணப் படமும் வாக்காளர் அட்டையும்தான். நாற்பது வருடம் கரண்டி பிடித்த மனிதர் கரண்டியோடு நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. கையில் கேமரா கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை அவருடைய ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னது.

லின்னேயஸ் டிரைப் என்று ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்து, 1858-ல் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டடங்களை எடுத்தவர். அந்தப் படங்கள் பெரும்பாலானவற்றில் ஆள் நடமாட்டமே இருக்காது. அந்தக் காலத்துக் காகித நெகட்டிவுக்கு வெளிச்சம் பதிய நேரம் பிடிக்கும், நடக்கிறவன் பதிய மாட்டான். அவருக்கு அந்தக் காரணமாவது இருந்தது. எனக்கு?

மூன்றாம் நாள் விடிவதற்குள் அப்பாவோடு கிளம்பினேன். முன்வாசல் நிலைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். "நானா? எதுக்கு?" என்றார். "அளவுக்குப்பா. ரேஞ்சிங் ராடுக்குப் பதிலா நீங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையைச் சொல்ல வெட்கம். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். ராடைக் கையில் கொடுத்தால், "இது என்ன வேசம்" என்று வாங்க மறுத்துவிட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் பையிலிருந்து தன் தூக்குக்குண்டை எடுத்து நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி விறைப்பாக நின்றார். எடுத்தேன். அன்று முழுக்க ஆட்களோடுதான் எடுத்தேன். அந்த அக்காவிடமும் போய்க் கேட்டேன். "இப்ப மட்டும் நான் வேணுமாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே நின்றார்.

ஐந்தாம் நாள் நிலை கழன்றது. எட்டுப் பேர் தூக்கினார்கள். அதையும் எடுத்தேன்.

அதற்குப் பிறகு வீடுகளோடு மற்றதையும் எடுக்கத் தொடங்கினேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடை பாய்லர், கையால் எழுதிய கடைப் பலகை, ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவை ஊற்றிப் பூக்கல் செய்கிறவரின் விரல்கள். தேய்ப்பு வண்டிப் பாட்டியிடம் படம் எடுக்கட்டுமா என்றதற்கு, "போன்ல போட்டு என்னை நாறடிக்கவா?" என்று பெட்டியை ஓங்கினார். பிறகு ஸ்டுடியோவில் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்ததும், "இன்னொண்ணு போடு, பேத்திக்கு அனுப்பணும்" என்றார். நண்பர்களே, படம் எடுத்தால் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை டீயே கிடைக்கும்.

புராஜெக்டில் அப்பா படத்தையும் வைத்தேன். பிரிண்டில் அப்பா 40 மில்லிமீட்டர், நிலை 60 மில்லிமீட்டர். அப்பாவின் உயரம் 5 அடி 4 அங்குலம். கணக்குப் போட்டால் நிலை 8 அடி. டேப்பில் 7 அடி 11 அங்குலம் வந்திருந்தது. சார் பார்த்துவிட்டு, "யாருப்பா இது ஸ்கேலுக்கு நிக்கிறது?" என்றார். "எங்கப்பா சார். பிரிக்கிற மேஸ்திரியும் அவர்தான்" என்றேன். வகுப்பில் அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிரிண்ட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விளக்குக்கு அடியில் வைத்து அப்பா வெகுநேரம் பார்த்தார். தன்னைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"நெலை இடப்பக்கம் லேசா சாஞ்சிருக்கு பாரு. நீ படம் வரைஞ்சதுல நேரா போட்டிருக்கியா?" என்றார்.

நேராகத்தான் போட்டிருந்தேன். மறுநாள் லேபில் படத்தை ஆட்டோகேடில் வைத்து, அவர் கையில் தொங்கிய தூக்குநூலை ஒட்டி ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். எட்டடி உயரத்துக்கு ஒரு அங்குலம் சாய்ந்திருந்தது.

(சிவில், மூன்றாம் ஆண்டு)