ஊனோவுக்குப் பிறகு எது?

பேலியகொடையில், களனி கங்கைக்கு அண்மையில் இருக்கிறது என் தம்பியின் வீடு. 2016 மே வெள்ளத்தில் அங்கே முழங்காலளவு நீர் நின்றது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது நாங்கள் எவரும் உறங்கவில்லை. ஆகவே, நீர் ஏறினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவியொன்றைச் செய்யப் போவதாகத் தம்பியின் மகன் சொன்னபோது அதை நான் விளையாட்டாகக் கொள்ளவில்லை.

"பெரியப்பா, இனி ஆர்டுவினோ ஊனோ காணாது. எந்த போர்ட் வாங்குறது?"

கலைப் பட்டதாரியிடம் கேட்கும் கேள்வியா இது? ஆயினும், முப்பது ஆண்டுகள் செய்தி எழுதியவனுக்குத் தெரியாததை விசாரிக்கவாவது தெரியும். இரண்டு வாரம் வாசித்தேன்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அவன் வாங்கிய ஊனோவின் வேகம் 16 மெகாஹேர்ட்ஸ், நினைவகம் 2 கிலோபைற். 2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோவுக்கு 133 மெகாஹேர்ட்ஸ், 264 கிலோபைற். அவன் மனமோ இஎஸ்பி32இல் இருந்தது. 240 மெகாஹேர்ட்ஸ் வேகம், கூடவே வைஃபை. எண்கள் பெரிதாக இருந்தால் நமக்கெல்லாம் ஒரு மயக்கம்தான்.

"வெள்ளம் வந்த அன்று வீட்டில் முதலில் நின்றது எது?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தான். "கரண்ட்."

கரண்ட் நின்றால் ரூட்டரும் நிற்கும். அந்த வைஃபையால் யாருக்குச் செய்தி போகும்? எனவே சிம் அட்டையுடன் இயங்கும் மோடம் வேண்டும், பற்றரியில் வாரக்கணக்கில் உறங்கி விழிக்கும் பலகையும் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உறக்கத்தில் மைக்ரோஅம்பியர்தான் செலவாகும் என்று எழுதியிருப்பது சில்லைப் பற்றியது. நாம் வாங்குவதோ பலகை. அதிலுள்ள சிவப்பு விளக்கும் யூஎஸ்பி சில்லும் உறங்குவதில்லை.

முடிவில், மின்சிக்கனத்துக்கென வடிவமைத்த எஸ்டிஎம்32 எல்4 சில்லு பொருந்திய நியூக்ளியோ பலகையை வாங்கினோம். சில்லுக்குச் செல்லும் மின்னோட்டத்தை மட்டும் தனியே அளக்க அதில் ஒரு ஜம்பர் உண்டு. நிரலை இடையில் நிறுத்தி உள்ளே பார்க்கும் டிபக்கரும் பலகையிலேயே இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் புரூஃப் பார்த்துப் பழகியவனுக்கு இதன் அருமை எளிதில் விளங்கியது. ஊனோவில் பிழை தேட, வரிக்கு வரி எதையாவது திரையில் அச்சிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான் பையன்.

தொல்லைகளும் இல்லாமலில்லை. ஊனோ 5 வோல்ற்று, இது 3.3. பழைய அல்ட்ராசோனிக் சென்சரை அப்படியே பொருத்தாமல், இடையில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு அழுத்தத்தைக் குறைத்தான். மென்பொருளைப் பழகவே ஒரு மாதம் போயிற்று.

நேற்றிரவு வெள்ளவத்தையில் எனக்கு முதற் செய்தி வந்தது: வாளியில் நீர் 14 சென்ரிமீற்றர்.