மிசோ சூப்பும் அம்மாவின் புரட்டாசியும்

என் தங்கைக்கு முதல் சம்பளம் வந்த வாரம் அது. "அம்மாவுக்கு நான்தான் சாப்பாடு வாங்கித் தருவேன். நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். வானொலியில் பேசிப் பிழைக்கிறவளிடம் வாயைத் திறக்காதே என்றால் எப்படி? ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

அவள் தேர்ந்தெடுத்தது புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் ஜப்பானிய உணவகம். வார இறுதியில் எப்போது போனாலும் வாசலில் கூட்டம் நிற்கும். பெயர் இங்கே வேண்டாம். அலுவலகத் தோழிகள் எல்லாரும் அங்கே எடுத்த படங்களைப் போட்டிருந்தார்கள். அவளுக்கும் ஆசை.

ஒரே ஒரு சிக்கல், அது புரட்டாசிச் சனிக்கிழமை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா புரட்டாசியில் மீனும் முட்டையும் தொட்டதில்லை. அன்று காலையிலேயே கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்திருந்தார். "நான் வீட்டிலேயே சாப்பிட்டுக்கிறேன், நீங்க போய் வாங்க" என்றவரைத் தங்கைதான் சமாதானம் செய்தாள். "மெனுவுல பச்சை இலை போட்ட ஐட்டம் நிறைய இருக்குமா. நான் பார்த்துட்டேன்."

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, மோனோரயில் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

வாசலில் ஐம்பது நிமிடம்

எண் சீட்டு வாங்கிக்கொண்டு ஐம்பது நிமிடம் நின்றோம். உள்ளே நுழைந்ததும் நான்கைந்து குரல்கள் சேர்ந்து "இரஷ்ஷாய்மாசே!" என்றன. "வாருங்கள்" என்று பொருள். அம்மாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் வரவேற்றவர்கள் யாரும் தலையை நிமிர்த்தவில்லை. தினமும் ஒலிவாங்கிக்கு முன்னால் "வணக்கம்" சொல்கிறவள் நான். முகம் பாராமல் சொல்லும் வணக்கத்திலும் அக்கறை இருந்தால் காதுக்குத் தெரியும், இல்லாவிட்டாலும் தெரியும்.

நகரும் பட்டையில் தட்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒசாகாவில் சிறிய சுஷி கடை வைத்திருந்த யோஷியாகி ஷிராயிஷி என்பவர் மதுபான ஆலையில் புட்டிகள் நகர்ந்து வருவதைப் பார்த்து இந்த யோசனையைப் பிடித்தார். 1958-ல் முதல் கடை திறந்தது. 1970-ல் ஒசாகா உலகக் கண்காட்சிக்குப் பிறகு நாடெங்கும் பரவியது. குறைந்த ஆட்களை வைத்து, குறைந்த விலையில், நிறையப் பேருக்குப் பரிமாறுவதுதான் நோக்கம். நல்ல யோசனைதான். ஆனால் தட்டு எத்தனை சுற்று சுற்றியது என்று யாராவது பார்க்க வேண்டும். எங்கள் முன்னால் வந்த சுஷியின் சோறு விறைத்துக் கிடந்தது. சுஷி சோறு இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்தால் மாவுச்சத்து இறுகி, பழைய சோற்றுப் பருக்கை போலாகிவிடும். தெம்புரா நமுத்துப்போயிருந்தது. தங்கை அதையும் படம் எடுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு மிசோ சூப்பும், பச்சை இலை போட்ட பொரித்த தவுவும் சொன்னோம். "இதில் இறைச்சி இல்லையே?" என்று கேட்டேன். "இல்லை, எல்லாம் காய்கறிதான்" என்றாள் பணிப்பெண்.

சூப்பு முதலில் வந்தது. அம்மா நான்கு வாய் குடித்துவிட்டு, "நம்ம பருப்பு ரசம் மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றார். தங்கை முகத்தில் அன்று வந்த முதல் சிரிப்பு அது.

பிறகு தவு வந்தது. மேலே மரத்தூள் போல மெல்லிய சுருள்கள். சூட்டில் அவை அசைந்து, நெளிந்து, ஆடிக்கொண்டிருந்தன.

"இது என்னமா, உயிரோட இருக்கிற மாதிரி ஆடுது?"

மீன். கட்சுவோபுஷி என்பார்கள். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்துச் சீவுவது. நம் மாசிக் கருவாட்டுக்குத் தூரத்து உறவு.

அம்மா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டோம். "அது மேலே தூவினது மட்டும்தான், எடுத்துவிடலாம்" என்றாள். மேலாளர் வரப் பத்து நிமிடம். மெனுவைப் புரட்டிப் பார்த்தார், தட்டை எடுத்துக்கொண்டு போனார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ரசீதில் தவுவின் விலை அப்படியே இருந்தது. அதன்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், ஆறு விழுக்காடு சேவை வரி. தங்கை ஒன்றும் பேசாமல் அட்டையை நீட்டினாள்.

பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு கல்

மோனோரயிலில் திரும்பி வந்து பிரிக்பீல்ட்ஸில் நடந்தோம். 1881-ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதில் செங்கல் வீடுகள் கட்டச் சொன்னார்கள். அதற்குச் செங்கல் சுட்ட இடம் இது. அதுதான் பெயர்க் காரணம். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் நம் பிரதமரும் வந்து லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்தார்கள். எங்களுக்கு அது எப்போதும் ரயில் மாறும் இடம், பசித்தால் சாப்பிடும் இடம்.

ஒரு சாதாரணக் கடையில் உட்கார்ந்தோம். தரை ஈரம். குவளை விளிம்பில் கீறல். நம் கடைகளும் குறையில்லாதவை அல்ல. அம்மா தோசை கேட்டார். நெற்றியில் நாமத்தைப் பார்த்திருப்பார் போல, கல்லடியில் நின்றவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அம்மா, இந்தக் கல்லுல இப்பத்தான் முட்டை ஊத்தினேன். பக்கத்துக் கல்லு காயட்டும், பத்து நிமிஷம் பொறுப்பீங்களா?"

பொறுத்தோம். நாங்கள் கேட்காமலே சொன்னார் அல்லவா, அதைத்தான் ரயிலில் கிள்ளான் வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

தாஷி என்னும் ரகசியம்

வீட்டுக்கு வந்ததும் படித்துப் பார்த்தேன். அப்போதுதான் வயிற்றில் புளி கரைத்தது. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும், அந்த மீன் சீவலையும் சேர்த்து எடுப்பது வழக்கம். மிசோ சூப்பு பெரும்பாலும் அந்தச் சாற்றில்தான் செய்யப்படும். ஊடோன் குழம்பு, தெம்புரா தொட்டுக்கொள்ளும் சாறு, இனித்த முட்டைச் சுருள், இனாரியின் தவுத் தோல் என்று எல்லாவற்றிலும் அது வரலாம். கண்ணுக்குத் தெரியாது. நம் நாட்டுச் சமையலில் நெத்திலி எப்படிச் சம்பலிலும் சூப்பிலும் ஒளிந்திருக்குமோ, அப்படி.

அம்மா ரசம் போல் இருக்கிறது என்றாரே, அந்த நான்கு வாயும் மீன் சாறாகத்தான் இருந்திருக்கும்.

சொல்லவா, வேண்டாமா? சொன்னால் அவர் மனம் கஷ்டப்படும், தங்கைக்கும் தெரிந்துவிடும். சொல்லாமல் இருந்தேன்.

கடைக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று, இரண்டு வாரம் கழித்து வேலை முடிந்து இரு சக ஊழியர்களோடு அதே உணவகத்தின் வேறு கிளைக்குப் போனேன். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை. மிசோ சூப்பில் மீன் உண்டா என்று மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் இல்லை என்றார். ஒருவர் இருக்கலாம் என்றார். மூன்றாமவர் "பொட்டலத்திலிருந்து வருகிறது, எங்களுக்குத் தெரியாது" என்றார். அவர் சொன்னதுதான் உண்மை. சோறு அங்கேயும் குளிர்ந்துதான் இருந்தது.

ஜப்பானியச் சமையலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மீனே இல்லாத ஜப்பானியச் சமையலும் உண்டு. ஷோஜின் ரியோரி என்பது புத்த மடத்துச் சாப்பாடு. அங்கே கொம்புவும் காய்ந்த ஷீத்தாக்கே காளானும்தான் தாஷி. 1908-ல் கிகுனாயே இகேடா என்ற விஞ்ஞானி ஊமாமி சுவையைக் கண்டுபிடித்ததே கொம்புச் சாற்றிலிருந்துதான். கடைக்காரர்கள் மனம் வைத்தால் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாமும் கேட்கப் பழகவேண்டும். "இறைச்சி உண்டா" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "மீன் சாறு, தாஷி உண்டா" என்று கேளுங்கள். பணியாளர் தயங்கினால் சமையல்காரரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். மெனுவின் பச்சை இலையை மட்டும் நம்பாதீர்கள். ரசீதில் சேவை வரி அரசாங்கத்துக்குப் போவது. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு அது எட்டு விழுக்காடானபோதும் உணவகங்களுக்கு ஆறாகவே இருந்தது. பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் கடைக்குப் போவது. அந்தச் சேவை கிடைக்காதபோது மேலாளரிடம் மரியாதையாகச் சொல்லலாம். நாங்கள் அன்று சொல்லாமல் வந்தது தவறு.

சொல்லாமல் இருந்த இன்னொன்றையும் புரட்டாசி முடிந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தெரியாம குடிச்சதுக்குப் பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு. அந்தப் பொண்ணுக்கும் யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. பாவம்." சிறிது நேரம் கழித்து, "உனக்குத் தெரிஞ்சும் மூணு வாரமா சொல்லாம இருந்தியே, அதுதான்" என்றார்.

எனக்குப் பதில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை தங்கை கொம்புவும் காளானும் மிசோ விழுதும் வாங்கி வந்தாள். சில விழுதுகளில் தாஷி கலந்தே வருகிறது. மூன்று புட்டிகளின் பின்பக்கத்தைப் படித்த பிறகுதான் நான்காவதை எடுத்ததாகச் சொன்னாள். கிள்ளான் வீட்டு அடுப்பில் சூப்பு கொதித்தது. அம்மா ருசி பார்த்துவிட்டு, ஏதோ குறைகிறது என்று நான்கு மிளகைத் தட்டிப் போட்டார்.

தங்கை இந்த முறை படம் எடுக்கவில்லை. இரண்டாவது கிண்ணம் கேட்டாள்.