பத்தொன்பதில் ஆறு

நாட்டியம் என்றால் மேடையும் சலங்கையும்தான் நம் கண்ணுக்குத் தெரியும். யாரை ஆட வைப்பது என்று தேர்ந்தெடுப்பது எத்தனை சங்கடமான வேலை என்பதை என் மகள் மூலம் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். மகள் பெங்களூரில் நாட்டியம் படிக்கிறாள். கடைசி வருஷத்துக்கு அவளே ஒரு குழு நடனம் அமைக்க வேண்டும். ஆறு பேர் தேவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு மண்டபத்து மாடியில் தேர்வு வைத்தாள். வந்ததோ 19 பேர்! தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஒரே கலகலப்பு. நம்பர் சீட்டை துப்பட்டாவில் குத்திவிடுவதும் மோர் கொடுப்பதும் என் பொறுப்பு.

முதலில் தட்டடவு, நாட்டடவு. பிறகு யாருக்கும் தெரியாத சில அசைவுகளைக் கற்றுக்கொடுத்து, மும்மூன்று பேராக ஆடச் சொன்னாள். திருத்தினாள், மறுபடி ஆடச் சொன்னாள்.

"முதல் தடவை எப்படி ஆடறாங்கன்னு இல்லேம்மா, சொன்னதுக்கப்புறம் எப்படி ஆடறாங்கன்னுதான் பாக்கணும்" என்றாள்.

என் நாத்தனார் பெண்ணும் வந்திருந்தாள். எட்டு வருஷம் கற்றவள். அரைமண்டி உட்கார்ந்தால் சிற்பம்தான். ஆனால் பக்கத்தில் ஆடுகிறவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று தடவை சொல்லியும் தனக்குப் பழகின மாதிரியே ஆடினாள். இன்னொரு பெண், ஃபாக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்தவள். தெரிந்தது கும்மியும் பள்ளிக்கூட ஆட்டமும்தான். அடவில் தடுமாறினாள். ஆனால் ஒருமுறை திருத்தியதும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தவள் பிந்தினால் தானும் நிதானித்தாள். ஆறாவது இடம் அவளுக்குத்தான் என்றாள் மகள்.

1936-ல் கலாக்ஷேத்ராவை ஆரம்பித்த ருக்மிணி தேவி, 1944-ல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். 1985-ல் சந்திரலேகா தமது 'அங்கிகா'வில் பரதம் ஆடுகிறவர்களோடு களரிப்பயிற்று தெரிந்தவர்களையும் சேர்த்தார். தனியாக ஆடுவது ஒரு திறமை, சேர்ந்து ஆடுவது வேறு திறமை என்று மகள் எனக்கு விளக்கினாள்.

பட்டியலை வெளியிடுமுன் அத்தை வீட்டுக்கு அவளே போனாள். "உன் அரைமண்டி வேற யாருக்கும் இல்லே. தனியா ஆட அது போதும். குழுவுல மத்தவங்க காலையும் கவனிக்கணும்" என்று நேரிலேயே சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றிரவே நாத்தனார் போன்! "ஏன் அண்ணி, சொந்த மாமன் மகளே சேத்துக்க மாட்டேங்கறா, எவளோ ஒருத்தி ஒசத்தியாப் போயிட்டாளா?"

"தேர்வு அவளோடது அம்மா. நான் சிபாரிசு செய்ய மாட்டேன்" என்றேன். இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் நிகழ்ச்சியன்று அந்தப் பெண் மட்டும் தனியாக பஸ் ஏறி வந்து, கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள்.

தாய்மார்களே, பள்ளி விழாவிலும் நம் குழந்தைகளுக்கு இது நேரும். இடம் கிடைக்காவிட்டால், "உனக்கு வராது" என்று சொல்லாதீர்கள். "அவங்க வேண்டியவங்களைத்தான் எடுப்பாங்க" என்றும் உடனே சொல்லிவிடாதீர்கள். "என்ன கேட்டாங்க, நீ என்ன செய்தே?" என்று விசாரியுங்கள். அடுத்த தடவைக்கு உதவுவது அந்தக் கேள்விதான்.