புதுப் படகும் கழன்று விழுந்த ஸ்க்ரூவும்

புது வண்டி வாங்கியவர்களுக்குத் தெரியும். முதல் சர்வீஸ் முடியும் வரைக்கும் வண்டியை முழுசாக நம்ப முடியாது. எங்கிருந்தோ ஒரு கடகட சத்தம் வரும். கண்ணாடி தானாகத் திரும்பிக்கொள்ளும். ஹேண்டில்பார் லேசாக ஒரு பக்கம் இழுக்கும். மெக்கானிக் ஒரு ஸ்பேனரை எடுத்து நாலு இடத்தில் முறுக்கிக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. சாலையில் போகும் வண்டிக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். கடலில் தனியாகப் போகும் சின்னப் பாய்மரப் படகுக்கு இதே விஷயம் எப்படி இருக்கும் என்பதற்கு 1968இல் நடந்த ஒரு கதை இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வி. பாய்மரப் படகில் ஒரே ஒரு ஆள் போனால், அவர் தூங்கும்போது சுக்கானை யார் பிடிப்பது?

இதற்கு விடைதான் விண்ட்வேன் என்கிற கருவி. படகின் பின்பக்கம் ஒரு தகடு காற்றில் நிற்கும். காற்று வரும் திசைக்கு இத்தனை டிகிரியில் படகு போகட்டும் என்று அதைத் திருப்பி வைத்துவிடலாம். படகு கொஞ்சம் விலகினால் காற்று தகட்டைப் பக்கவாட்டில் அடித்துச் சாய்க்கும். சாய்ந்த தகடு, தண்ணீருக்குள் தொங்கும் ஒரு துடுப்பை லேசாகத் திருப்பும். ஓடுகிற தண்ணீர் அந்தத் துடுப்பை ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைக் கயிறு வழியாகச் சுக்கானுக்குக் கொண்டுபோனால் படகு தானே தன் வழிக்குத் திரும்பிவிடும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். பிளாண்டி ஹேஸ்லர் என்ற ஆங்கிலேயர் 1960இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் பந்தயத்துக்கு இந்த மாதிரி ஒரு கருவியோடு வந்த பிறகு, தனியாகப் போகிறவர்கள் எல்லோரும் இதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஒரே சிக்கல், இது உடையும். படகிலேயே இரவு பகல் ஓயாமல் வேலை செய்வது இதுதான், அலை அடிக்கிற இடத்தில் தொங்குவதும் இதுதான். உடையாமல் என்ன செய்யும்? நம் இந்தியக் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி 2022-23 கோல்டன் குளோப் பந்தயத்தில் உலகத்தைச் சுற்றியபோது இது பழுதாகி, கழிப்பறைக் கதவை அறுத்து அதற்குப் பலகை செய்துகொண்டார். அப்படியும் இரண்டாவதாக வந்தார்!

இப்போது 1968. லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகை ஒரு பந்தயம் அறிவித்தது. தனி ஆளாக, எங்கும் நிற்காமல், யார் உதவியும் இல்லாமல் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வர வேண்டும். அதுவரை யாருமே செய்யாத காரியம். முதலில் வருபவருக்குத் தங்கக் கோளம். குறைந்த நாட்களில் சுற்றியவருக்கு 5,000 பவுண்ட். ஜூன் 1க்கும் அக்டோபர் 31க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். ஒன்பது பேர் கிளம்பினார்கள்.

அதில் இரண்டு பேருக்கு இந்தியத் தொடர்பு உண்டு. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் படகு சுஹைலி பம்பாயில் பிறந்தது. டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் என்பவர் தானே டெல்லி பக்கத்து காஸியாபாத்தில் 1932இல் பிறந்தவர். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்ததும் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பியவர்.

முதலில் சுஹைலி. 32 அடி நீளம். நாக்ஸ்-ஜான்ஸ்டன் வணிகக் கப்பலில் அதிகாரியாக இந்தியப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது கட்டியது. அவர் கேட்ட வரைபடம் ஒன்று, கம்பெனி அனுப்பியது வேறொன்று. வந்தது 1920களின் பழைய பாணிப் படகு, குண்டாக, கனமாக, அடியில் முழு நீளத்துக்கும் கீல் ஓடுகிற மாதிரி. சரி போகட்டும் என்று அதையே தேக்கில் கட்டச் சொல்லிவிட்டார். பம்பாய்த் தச்சர்கள் வாய்ச்சியும் கைத் துரப்பணமும் வைத்துச் செதுக்கிய படகு அது. பந்தயத்தில் அதைப் பார்த்தவர்கள் யாரும் ஜெயிக்கும் குதிரை என்று நினைத்திருக்க முடியாது.

குறை இல்லாத படகா என்றால் அதுவும் இல்லை. அட்லாண்டிக்கிலேயே அடிப்பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிய ஆரம்பித்துவிட்டது. மனுஷன் கடலில் குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கான்வாஸ் துணிப் பட்டையைச் செம்பு ஆணி அடித்துப் பொருத்தினார். நடுவில் ஒரு சுறா வந்து சுற்றியது. மேலே ஏறி, துப்பாக்கி எடுத்து அதைச் சுட்டுவிட்டு, திரும்பவும் இறங்கி மிச்ச ஆணியை அடித்தார். ரேடியோ செத்தது. தென் கடலில் ஒரு அலை படகைக் கவிழ்த்துப் போட்டு, கேபினையே அசைத்துவிட்டது. கடைசியில் ஆஸ்திரேலியா பக்கத்தில், நவம்பரில், அவரே வடிவமைத்த தானியங்கிச் சுக்கான் கருவியும் உடைந்தது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் அட்மிரல். ஊர் போய்ச் சேர இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் பாக்கி.

அவர் திரும்பவில்லை. காரணம், அட்மிரல் இல்லாமலும் சுஹைலி எப்படிப் போகும் என்பது அவருக்கு முன்பே தெரியும். பந்தயத்துக்கு முன்னாலேயே பம்பாயிலிருந்து இங்கிலாந்து வரை அந்தப் படகை ஓட்டி வந்தவர். கேப் டவுனிலிருந்து லண்டன் வரைக்கும் 74 நாள் நிற்காமல் வந்திருக்கிறார்கள். முன் பாய் படகின் மூக்கைக் காற்றிலிருந்து தள்ளிவிடப் பார்க்கும். பின் பாய் வாலைத் தள்ளி மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பப் பார்க்கும். எதை எவ்வளவு விரித்தால் இரண்டும் சமமாகும் என்று தெரிந்துவிட்டால், சுக்கானைக் கயிற்றால் கட்டிப் போட்டுவிட்டுத் தூங்கலாம். கையை விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டுகிற மாதிரி. நல்ல சைக்கிளாக இருந்தால் மட்டும் போதாது, அந்த சைக்கிள் பழகியிருக்க வேண்டும்.

இனி க்ரோஹர்ஸ்ட். எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர். கெட்டிக்காரர், பேச்சில் வல்லவர், மனைவியும் நாலு குழந்தைகளும் உண்டு. படகுகளுக்கான ரேடியோ திசைகாட்டி விற்கும் சின்னக் கம்பெனி வைத்திருந்தார், அது தள்ளாடிக்கொண்டிருந்தது. பந்தயத்தில் ஜெயித்தால் கம்பெனி பிழைக்கும் என்று கணக்குப் போட்டார். பணம் போட ஒருவர் கிடைத்தார். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு கொக்கி: முயற்சி பாதியில் நின்றால் படகை க்ரோஹர்ஸ்டின் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதாவது திரும்பி வந்தால் திவால்.

அவர் தேர்ந்தெடுத்தது ட்ரைமரன், மூன்று உடல் கொண்ட ப்ளைவுட் படகு, சுமார் 40 அடி. வேகம் அதிகம். பெயர் டின்மத் எலெக்ட்ரான். கிளம்பும் ஊரின் பெயர் பாதி, கம்பெனிப் பெயர் பாதி. அந்தக் கோடையில்தான் கட்ட ஆரம்பித்தார்கள். கடைசி நாள் நெருங்க நெருங்க ஒவ்வொரு வேலையாகச் சுருங்கியது. மேல்தளத்துக்கு ஃபைபர்கிளாஸ் போர்த்த வேண்டும் என்றார். நேரமில்லை என்று பெயிண்ட் மட்டும் அடித்துக் கொடுத்தார்கள். படகு சாய்ந்தால் காற்றுப் பை தானே ஊதி நிமிர்த்தும், கம்ப்யூட்டர் அதைக் கவனித்துக்கொள்ளும் என்று அவர் திட்டம் போட்டிருந்தார். கிளம்பும்போது கலர் கலராக வயர்கள் ஓடின, அந்த வயர்களின் மறுமுனையில் எதுவும் இல்லை.

செப்டம்பர் 23ஆம் தேதி படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். நார்ஃபோக்கிலிருந்து டின்மத்துக்கு மூன்று நாளில் போய்விடலாம் என்று நினைத்தது 13 நாள் ஆனது. எதிர்க்காற்றில் அந்தப் படகு முன்னேற மறுத்தது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று அந்தப் பயணத்திலேயே தெரிந்துவிட்டது. பின்னால் மாட்டியிருந்த ஹேஸ்லர் விண்ட்வேனின் ஸ்க்ரூக்கள் அதிர்வில் தானாகக் கழன்றன. வழியில் சேர்ந்துகொண்ட அனுபவசாலி ஒருவர் ஸ்க்ரூவை நம்பாதே, வெல்ட் பண்ணிவிடு என்று சொன்னார்.

இது யாரோ ஒருவர் சரியாக முறுக்காத தவறு மட்டும் இல்லை. விண்ட்வேன் கனமான, மெதுவான படகுக்குப் பொருந்துவது. ட்ரைமரன் எடை குறைவு, அலையில் உதறிக்கொண்டே போகும். தவிர சட்டென்று வேகம் எடுக்கும். ஸ்கூட்டரில் வேகம் கூடக் கூடக் காற்று எதிரிலிருந்தே அடிக்கிற மாதிரி தோன்றுமே, அதேதான் அங்கும். நிஜமான காற்று மாறாமல் இருக்கும்போதே தகட்டுக்குக் காற்று மாறிவிட்டதாகத் தெரியும், அது சுக்கானைத் தப்பாகத் திருப்பும். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்திருந்தால் இதற்கு ஏதாவது வழி செய்திருக்கலாம். டின்மத் வந்து சேர்ந்ததற்கும் கிளம்பியதற்கும் நடுவில் இருந்தது இரண்டு வாரம்.

கெடுவின் கடைசி நாளான அக்டோபர் 31 அன்று மாலை கிளம்பினார். முதலில் கிளம்பி, பாய் ஏற்றும் கயிறு சிக்கி, இழுத்துக்கொண்டு திரும்ப வந்து, மறுபடி கிளம்பினார். வாங்கி வைத்த உதிரி பாகங்களில் ஒரு குவியல் கரையிலேயே கிடந்தது.

நவம்பர் 5. விண்ட்வேனிலிருந்து மறுபடி ஸ்க்ரூ விழுந்தது. மாற்று ஸ்க்ரூ இல்லை. படகில் வேறு இடத்தில் இருந்ததைக் கழற்றி அங்கே மாட்டினார். உலகத்தைச் சுற்றக் கிளம்பி ஆறே நாள்! பிறகு மிதவையின் மூடி வழியாகத் தண்ணீர் ஏறியது. அதை இறைக்கும் பம்புக்குச் சரியான குழாய் வரவில்லை, டப்பாவால் மொண்டு ஊற்ற வேண்டும். இன்னொரு மூடி கசிந்து ஜெனரேட்டர் நனைந்தது. நவம்பர் 15 அன்று உட்கார்ந்து எல்லாக் குறைகளையும் எழுதினார். எஞ்சினியர் அல்லவா, எழுதியதெல்லாம் சரியாகவே எழுதினார். இந்தப் படகில் தென் கடலுக்குப் போனால் பிழைக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று முடிவு கட்டினார். சில நாள் கழித்துப் பணம் போட்டவருடன் ரேடியோவில் பேசினார். ஒழுகலைப் பற்றிச் சொன்னார். திரும்பி வருகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இந்தக் கதையில் மனதைப் பிசைகிற இடம் இதுதான். போனால் சாவு, திரும்பினால் திவால். மூன்றாவதாக அவர் ஒன்று கண்டுபிடித்தார். டிசம்பரில் பொய்யான இடங்களை அனுப்ப ஆரம்பித்தார். ஒரே நாளில் 243 மைல் ஓடியதாக அறிவித்தார், பத்திரிகைகள் கொண்டாடின. நிஜத்தில் அவர் அட்லாண்டிக்கை விட்டு வெளியே போகவே இல்லை. 1969 மார்ச்சில் ஒரு மிதவையின் ப்ளைவுட் பிளந்து, அர்ஜென்டினாவில் ஒரு ஆற்று முகத்தில் யாருக்கும் தெரியாமல் ஒதுங்கி ஒட்டுப் போட்டுக்கொண்டார்.

ப்ளைவுட் படகு என்பதால்தான் எல்லாம் என்று சொல்ல வருபவர்களுக்கு நைஜல் டெட்லி என்று ஒருவர் இருக்கிறார். அவரும் அதே பந்தயத்தில், அதே வடிவ ட்ரைமரனில் கிளம்பியவர். ஆனால் அது அவர் மனைவியோடு குடியிருந்த படகு. அதன் ஒவ்வொரு முனகலும் அவருக்குப் பழக்கம். தென் கடல் முழுவதையும் கடந்து, கேப் ஹார்னையும் சுற்றி அட்லாண்டிக்குக்குத் திரும்பிவிட்டார். அதற்குள் படகு நைந்துவிட்டது. பொத்திப் பொத்தி ஓட்டியிருக்கலாம். ஆனால் பின்னாலேயே க்ரோஹர்ஸ்ட் படுவேகமாக வருவதாக ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. வேகத்தைக் கூட்டினார். மே 21, அஸோர்ஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் படகு உடைந்து மூழ்கியது. டெட்லி உயிர் தப்பினார். இல்லாத ஒருவருடன் போட்டி போட்டுப் படகை இழந்த கொடுமை!

டெட்லி போனதும் குறைந்த நாள் பரிசு க்ரோஹர்ஸ்டுக்குத்தான் என்று ஆகிவிட்டது. ஜெயித்தால் லாக் புத்தகத்தை நிபுணர்கள் புரட்டுவார்கள். அவர் கடைசியாக எழுதியது ஜூலை 1. ஜூலை 10ஆம் தேதி ஒரு கப்பல் டின்மத் எலெக்ட்ரானை நடு அட்லாண்டிக்கில் கண்டது. உள்ளே ஆள் இல்லை. பாதிக்குப் பாதிதான் தாங்கும் என்று அவர் எழுதிய படகு நன்றாகவே மிதந்துகொண்டிருந்தது.

சுஹைலி அதற்கு முன்பே, ஏப்ரல் 22 அன்று, 312 நாள் கழித்து ஃபால்மத் திரும்பிவிட்டது. ஒன்பது பேரில் முடித்தது அவர் ஒருவர்தான், அதனால் இரண்டு பரிசும் அவருக்கே. 5,000 பவுண்டை க்ரோஹர்ஸ்டின் மனைவி, குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

டின்மத் எலெக்ட்ரான் கைமாறிக் கைமாறி, கரீபியனில் கேமன் ப்ராக் என்ற சின்னத் தீவின் கரையில் கிடந்து மட்கியது. சுஹைலியை 2018 ஜூன் 14 அன்று, ஐம்பதாவது வருடக் கொண்டாட்டத்தில், அதே ஃபால்மத்தில் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஓட்டி வந்தார்.